கழுதைக் கட்சிக்காரி போட்ட போன்

அந்தக் கல்லூரியில் வருடத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் தர்ம சிந்தனை பொங்கிவிடும். பொங்கியதும் சண்டை ஆரம்பித்துவிடும். மாணவர் சங்கம் ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, வருடம் முழுக்க அதற்காக ஓடியாடி உழைக்கும். பழைய புத்தகம் விற்பது, பேராசிரியர்களின் காரைக் கழுவுவது, மேடையேறி ஆடுவது, எல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். ஒன்றே ஒன்று என்று விதி எழுதிய புண்ணியவான் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நல்ல காரியம் செய்ய வந்த பிள்ளைகள் அந்த நல்ல காரியத்தாலேயே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் திரிந்தார்கள்.

இந்த வருடம் மோதல் கழுதைக்கும் தொலைபேசிக்கும்.

கழுதை என்றால் நிஜக் கழுதைதான். மணலும் செங்கல்லும் சுமந்து ஓய்ந்துபோன கழுதைகளை வைத்துப் பராமரிக்கும் காப்பகம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. தொலைபேசி என்றால், மனசு கனத்துக் கிடப்பவர்கள் கூப்பிட்டால் எடுத்துக் காது கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பு. கடைத்தெருவில் ஒரு மாடி அறை, இரண்டு மேசை, இரண்டு போன், முறை வைத்து வந்து உட்காரும் தொண்டர்கள். அதன் சொத்து அவ்வளவுதான். அந்த அறையையும் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சங்கம் கைகொடுத்தால் வேறு இடம் பார்க்கலாம், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூடிவிட வேண்டியதுதான் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள்.

கழுதைக் கட்சிக்குத் தலைவி, சங்கத்தின் செயலாளர். அவளை எல்லாரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் அவள் வணக்கம் சொன்னால் இந்தக் கோடியில் ஜன்னல் கண்ணாடி அதிரும். விழாவில் மைக் கெட்டுப்போனால் எலெக்ட்ரீஷியனுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கழுதை மேல் அவளுக்கு ஏன் அவ்வளவு பாசம் என்றால், காப்பகத்தைப் பார்க்கப் போன அன்று ஒரு கிழட்டுக் கழுதை வேலிக்கு மேல் தலையை நீட்டி, அவள் சொன்ன கதையெல்லாம் அசையாமல் கேட்டதாம்.

"அவ்வளவு பெரிய காதை வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசலடி!" என்று தோழி பென்சிலிடம் சொல்லிச் சொல்லி உருகினாள். பென்சில் ஒல்லியான பெண், ஆனால் கோபம் மட்டும் குண்டு. தலைவிக்காக அட்டையில் கழுதைக் காது வெட்டி, கட்சிக்காரர்கள் அத்தனை பேர் தலையிலும் மாட்டிவிட்டது அவள்தான்.

எதிர்க்கட்சிக்குத் தலைவன் வக்கீல். பெயர்தான் வக்கீல், படிப்பதோ விலங்கியல். விலங்கியல் படித்துவிட்டுக் கழுதையை எதிர்க்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று யாராவது கேட்டால், "ஒரு விளக்கம்" என்று விரலைத் தூக்குவான். அந்த விளக்கம் முடிவதற்குள் கேட்டவருக்குத் தாடி முளைத்துவிடும். "மனுஷன் அழுதுக்கிட்டிருக்கான், கழுதைக்கா கைகொடுப்பீங்க?" என்று அவன் ஆட்கள் கான்டீன் மேசை மேல் ஏறிக் கத்த, "பேச்சுத் துணைக்கு ஒரு நிறுவனமா? பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட பேசுங்கப்பா!" என்று இவள் அடுத்த மேசை மேல் ஏறுவாள். கான்டீன்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, யார் ஜெயித்தாலும் சரி, மேசை மட்டும் உடையாமல் இருந்தால் போதும் என்று புலம்பினார்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. வாக்கெடுப்பு அன்று ஒவ்வொரு கட்சித் தலைவரும் தன் கட்சிக்குப் பேசக் கூடாது, எதிர்க்கட்சியின் நிறுவனத்தைப் புகழ்ந்துதான் பேச வேண்டும். மாற்றுப் பேச்சு என்று அதற்குப் பெயர். எதிராளியின் பக்கத்தையும் புரிந்துகொள்ளட்டும் என்று ஏதோ ஒரு நல்ல மனசு ஒரு காலத்தில் ஏற்படுத்திய வழக்கம். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? புகழ்ந்தே குழி தோண்டும் கலையாக அதை வளர்த்துவிட்டார்கள். ஒரு வருடம் ஒருத்தி மரம் நடும் கழகத்தைப் புகழ்ந்த புகழ்ச்சியில், அவர்களுக்கு இனிமேல் ஒரு வாளி தண்ணீர்கூட யாரும் தர வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆக, தொலைபேசியைப் புகழ்ந்தே கவிழ்க்கும் வேலை இந்தத் தடவை சைரனுக்கு வந்து சேர்ந்தது.

அவள் வீட்டுக் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பேச்சு என்பது அவருக்குக் கடையில் கிடைக்காத உதிரி பாகம் மாதிரி, அநியாயத்துக்கு மிச்சம் பிடிப்பார். சாப்பாடு எப்படி என்றால் "ம்". மழை வருகிறது, துணி எடுக்கவா என்றால் "ம்". வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பதற்கே அந்த "ம்" ஒன்றுதான் அத்தாட்சி. அம்மா தையல்காரி, இயந்திரத்தை மிதித்துக்கொண்டே வாயாலும் தைப்பாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்போ சம்மதமான்னு கேட்டாங்க. 'ம்'னார். நான் அதைச் சரின்னு எடுத்துக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் உறுதியாத் தெரியல" என்பாள்.

ஒரு தடவை ஒரு அம்மாள் வீடு தேடி வந்தார். ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று, அவர் இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டாராம். கதவுக்கு வெளியே நின்று, சரிசெய்கிற நேரம் பூராவும் அப்பா பேச்சுக் கொடுத்தாராம். "என்னமா பேசுறார் உங்க வீட்டுக்காரர்! பயமே போயிடுச்சு. சிரிக்கக்கூட வெச்சார்" என்று அந்த அம்மாள் நெகிழ, அம்மா பணிவாக, நீங்கள் வீடு மாறி வந்திருக்கிறீர்கள், பக்கத்துத் தெருவில் விசாரித்துப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

சைரனுக்கு அந்தக் குரல் எப்படி வளர்ந்தது என்று இப்போது புரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்து இந்த ஒரு மனுஷனிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்கிவிட வேண்டும் என்று கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. ஊரே அவள் பேச்சைக் கேட்டது. கேட்க வேண்டியவர் கேட்கிறாரா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. செயலாளர் தேர்தலில் ஜெயித்த அன்று மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினாள். அப்பா ஹாலில் ஒரு சுவிட்ச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஜெயிச்சுட்டேன்!"

"ம்" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அறைக்குள் போய் அழுதாள். அதைவிட அநியாயம், அந்தச் சுவிட்ச் அன்றிலிருந்து வேலை செய்யவே இல்லை.

சாயந்திரமானால் அப்பா நடக்கப் போவார். செருப்பை மாட்டுவார், போவார், இருட்டியதும் வருவார். "வருஷக்கணக்கா நடக்கிறார். செருப்பும் தேயல, தொப்பையும் கரையல" என்று அம்மா சிரிப்பாள். அதற்கும் ஒரு "ம்" தான் வரும்.

கழுதைச் சண்டை ஆரம்பித்ததிலிருந்து சைரன் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசிக்காரர்களைப் போட்டுக் கிழித்தாள். "தொண்டர்கள் யாருன்னே சொல்ல மாட்டாங்களாம்ப்பா! வீட்ல இருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்குறாங்களாம். இது தொண்டா, துப்பறியற கம்பெனியா? வேலை வெட்டி இல்லாதவங்க உட்கார்ந்து ஊர்க் கதையை ஒட்டுக்கேக்குறாங்க!" அப்பா தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தி "ம்" என்றார். கழுதைக்கு எவ்வளவு பெரிய காது என்று அவள் ஆரம்பித்ததும் எழுந்து போய்க் கை கழுவினார்.

வாக்கெடுப்புக்கு முன்தினம் சைரனுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. புகழ்ந்து கவிழ்க்க வேண்டுமென்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? தானே கூப்பிட்டு, ஒரு பொய்க் கதையை அவிழ்த்துவிட்டு, அந்த ஆள் என்ன உளறுகிறார் என்று கேட்டு, அதையே மேடையில் நடித்துக் காட்டிவிட்டால்? பென்சில் துள்ளிக் குதித்தாள். சாயந்திரம் சங்க அறையைத் திறந்துவிட்டு, தன் போனையும் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றாள்.

குரலை மாற்றுவது சைரனுக்குச் சுலபமாக இருந்தது. மெதுவாகப் பேசினால் போதும். மெதுவாகப் பேசும் சைரனை இதுவரை பெற்றவர்கள்கூடக் கேட்டதில்லை.

"சொல்லுங்கம்மா. நான் கேட்டுக்கிட்டிருக்கேன். அவசரமே இல்ல" என்றது ஒரு ஆண் குரல். நல்ல குரல், நிதானமான குரல். சைரன் கொஞ்சம் அசந்துதான் போனாள். ஆனாலும் கதையை எடுத்துவிட்டாள். தனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறதாம். வீட்டுக்காரர் பேசவே மாட்டாராம். கதை சட்டென்று வாயில் வந்ததற்குக் காரணம், அதில் பாதிக்கு மேல் அவள் வீட்டுச் சரக்கு.

"என்ன கேட்டாலும் பேச மாட்டார்ங்க. சாப்பாடு எப்படின்னு தினம் கேக்குறேன்."

"சாப்பாடு எப்படின்னு கேட்டா சில பேருக்குப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும்மா. தப்பா சொல்லிடுவோமோன்னு பயம். அவருக்குத் தெரிஞ்ச விஷயம் ஏதாவது கேட்டுப் பார்த்தீங்களா? அவர் வேலையைப் பத்தி?"

சைரன் அப்பாவிடம் அதை ஒரு நாளும் கேட்டதே இல்லை. "அதெல்லாம் எனக்குப் புரியாதுங்க" என்று சமாளித்தாள்.

"ம்" என்றது அந்தக் குரல்.

அவ்வளவுதான். சைரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் ஆயிரம் பேர் "ம்" சொல்லலாம். ஆனால் கடைசியில் இலேசாக மூக்கால் மூடிவைக்கும் அந்த "ம்" ஒரே ஒருவருடையது. பிறந்ததிலிருந்து கேட்ட "ம்". இவ்வளவு நேரம் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்காதீர்கள். அப்பா ஒரு முழு வாக்கியம் பேசி அவள் என்றைக்குக் கேட்டாள், குரலை அடையாளம் கண்டுபிடிக்க? பேயறைந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பு ஏன் தேயவில்லை என்பது அந்த நொடியில் விளங்கியது.

போனை வைத்திருக்கலாம். வைக்க மனசு வரவில்லை. அப்பா பேசுகிறார்! காதுக்குள்ளே, அவளுக்காக மட்டும், வாக்கியம் வாக்கியமாகப் பேசுகிறார்.

"இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்" என்றாள். பொய் தீர்ந்துபோய்விட்டது. மிச்சம் இருந்தது நிஜம்தான். "ஒரு நாள் எனக்கு ஒரு பெரிய பொறுப்பு கிடைச்சுது. ஓடி வந்து அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். 'ம்'னுட்டு ஒரு சுவிட்ச்சைக் கழட்டிக்கிட்டிருந்தார். எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க. நான் பேசுறது அவர் காதுல விழுதான்னே தெரியல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"விழுந்திருக்கும்மா" என்றது குரல். இப்போது அது அவ்வளவு நிதானமாக இல்லை. "சில பேருக்கு எதிர்ல முகம் இருந்தா வார்த்தை வராது. அதுவும் ரொம்பப் பிடிச்ச முகமா இருந்தா சுத்தமா வராது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது மாட்டிக்கிட்டா மணிக்கணக்காப் பேசுவார். கதவு திறந்துச்சோ, வாயை மூடிடுவார். திமிர் இல்லம்மா, இயலாமை. அது தப்புதான். தப்பு அவர் பேர்ல, உங்க பேர்ல இல்ல."

சைரன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நான் மறுபடியும் கூப்பிடலாமா?"

"இந்த மாசம் முடியற வரைக்கும் தாராளமாக் கூப்பிடுங்க. அப்புறம் இந்த லைன் இருக்குமான்னு தெரியல." லேசாகச் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிக்கவும் தெரியும்! "எங்களுக்குப் போட்டியாக் கழுதைங்க நிக்குதும்மா. காது விஷயத்துல அதுங்களை ஜெயிக்க முடியாது."

வெளியே வந்தபோது பென்சில் ஆவலாகப் பிடித்துக்கொண்டாள். "என்னடி, நல்ல சரக்கு கிடைச்சுதா? கண்ணெல்லாம் சிவந்திருக்கு! சிரிச்சுச் சிரிச்சா?"

"ஒண்ணும் கிடைக்கல" என்றாள் சைரன். ராத்திரி சாப்பாட்டில் அப்பாவும் அவளும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியைப் பற்றி ஒரு வசவுகூட வராததைப் பார்த்து, மகளுக்குக் காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வாக்கெடுப்பு அன்று அரங்கத்தில் எள் போட இடமில்லை. ஒரு பக்கம் அட்டைக் காதுகள், இன்னொரு பக்கம் காகிதத்தில் செய்த டெலிபோன்கள். நடுவே சங்கத் தலைவர், "அமைதி, அமைதி" என்பதைத் தவிர வேறு வசனம் இல்லாத பாவப்பட்ட பிள்ளை.

முதலில் வக்கீல் ஏறினான். கழுதையைப் புகழ்ந்தான். அடேயப்பா, என்ன புகழ்ச்சி! கழுதை போல் பொறுமைசாலி உண்டா, வெயிலும் மழையும் அதற்கு ஒரு பொருட்டா, குப்பையில் கிடக்கும் காகிதமே அதற்கு விருந்து, அப்படிப்பட்ட தன்மானமுள்ள ஜீவனுக்கு நாம் உதவி செய்வதாவது, அது அவமானமல்லவா என்று கண்ணீர் மல்கக் கேட்டான். அரங்கம் குலுங்கியது. கழுதைக் கட்சிக்காரர்களே காது கழன்று விழும் அளவுக்குச் சிரித்தார்கள்.

சைரன் மேடையேறினாள். கையில் ஒரு பொம்மை டெலிபோன் இருந்தது, பென்சில் பார்த்துப் பார்த்துப் பண்ணிக் கொடுத்தது. உள்ளதைச் சொன்னால் அப்பாவின் ரகசியம் போய்விடும். நடிக்க வந்ததை நடித்தால் லைன் மூடிவிடும். அப்பா பேசுவதற்கு ஊரில் இருப்பதே அந்த ஒரு இடம்தான். அது போய்விட்டால் அந்த மனுஷன் வாழ்நாள் பூராவும் "ம்" மட்டும்தான். பொம்மையைக் கீழே வைத்தாள்.

"போன வாரத்துல யார்கிட்டயாவது ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சு, அவங்க கவனிக்கலன்னு பாதியில நிறுத்தினவங்க கை தூக்குங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சைரன் மெதுவாகப் பேசுகிறாளே என்ற அதிர்ச்சியிலேயே அரங்கம் கப்சிப் ஆகிவிட்டது. ஒரு கை எழுந்தது. பிறகு வரிசை வரிசையாக எழுந்தன. வக்கீல் தூக்கினான். தலைவர் இரண்டு கையையும் தூக்கினார்.

"நான் நேத்து அவங்களுக்குப் போன் பண்ணினேன். கேலி பண்ணத்தான் பண்ணினேன். வாய் கூசாம ஒரு பொய்க் கதை சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் அதை அவ்வளவு கவனமாக் கேட்டார். அப்படி ஒருத்தர் கேக்கும்போது ரொம்ப நேரம் பொய் சொல்ல முடியலங்க. யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லிட்டேன். இத்தனை நாளா நான் ஊரெல்லாம் கத்தினேனே, அது யாராவது கேக்கணும்னுதான். எங்க கழுதை கேட்டுச்சு, இல்லைங்கல. ஆனா கழுதை திருப்பி ஒரு வார்த்தை சொல்லாது. அவர் சொன்னார். இது மாற்றுப் பேச்சு இல்ல. என் பேச்சு."

பென்சில் எழுந்து நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. "தலைவரே, ஒரு கேள்வி! சொந்தக்காரங்க வேலை செய்யற நிறுவனத்துக்கு யாரும் பரிஞ்சு பேசக் கூடாதுன்னு விதி இருக்கு. இவ திடீர்னு இப்படி உருகுறாளே, இவ வீட்டு ஆள் யாராவது அங்க இருக்காங்களா? கேளுங்க!"

அரங்கம் முழுக்க அவளையே பார்த்தது. ஆமாம் என்றால் ரகசியமும் போகும், லைனும் போகும். இல்லை என்றால் பெற்ற தகப்பனையே இல்லை என்றதாகிவிடும். பரம்பரைச் சொத்து கைகொடுத்தது.

"ம்" என்றாள்.

கடைசியில் மூக்கால் மூடிவைத்த அசல் "ம்". பாதிப் பேர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். தலைவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. "பதில் வந்தாச்சு, உட்காருங்க, அமைதி" என்று வாக்கெடுப்பை ஆரம்பித்துவிட்டார். இது நியாயமா என்று என்னிடம் கேட்டால் நானும் "ம்" என்றுதான் சொல்வேன்.

தொலைபேசி மயிரிழையில் ஜெயித்தது. வக்கீல் கைகுலுக்க வந்தவன் திருதிருவென்று விழித்தான். "ஒரு விளக்கம்" என்று குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி பூரா கண்ணாடி முன்னால நின்னு கழுதையைப் புகழ்ந்து பழகினேனா, எனக்கே மனசு கரைஞ்சுடுச்சு. நான் கழுதைக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வெளியே சொல்லிடாத." மாற்றுப் பேச்சை ஏற்படுத்திய அந்த நல்ல மனசு மட்டும் இதைக் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கும்.

பென்சில் வந்தாள், தன் அட்டைக் காதைக் கழற்றி இவள் கையில் வைத்தாள். "நம்ம கழுதைங்களை நீயே காலை வாரிட்டியேடி" என்றாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள். இனி ஞாயிறு தவறாமல் காப்பகத்துக்கு வந்து சாணி அள்ளுகிறேன் என்று சைரன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியும் அவள் நிற்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டால் சொல்ல முடியாத காரியம் அது. சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சைரனுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். இருட்டும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா என்னவோ சொன்னாள். பிறகு காலடி மெல்ல நடந்து அறைக்கு வெளியே வந்து நின்றது. கதவை ஒரு விரல் தட்டியது.

சைரன் எழுந்து தாழ்ப்பாளில் கைவைத்தாள். திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா முகத்தைப் பார்ப்பார், "ம்" என்பார், சுவிட்ச்சைத் தேடிப் போய்விடுவார். கையை எடுத்தாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"கதவு திறக்கலப்பா" என்றாள். "உள்ள மாட்டிக்கிட்டேன்."

பிறகு கதவு இலேசாக அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஒருவர் முதுகைச் சாய்த்து உட்காரும் அதிர்வு அது.

"பயப்படாத பாப்பா" என்றார் அப்பா. போனில் கேட்ட அதே குரல். "நான் இங்கதான் இருக்கேன். எந்த மாடியில நிக்குது?"

"தெரியல. ரொம்பக் கீழே."

"கீழே நின்னா விழறதுக்கு இடமில்ல, நல்லதுதான். மெதுவா மூச்சு விடு. உள்ள இருக்கிற பொண்ணு இன்னிக்கு என்னமோ பெரிய காரியம் பண்ணிச்சாம், எங்க அறை பூரா அதே பேச்சு. சாயந்திரம் எல்லாரும் கைதட்டினாங்க. நான் தட்டல. நான் தட்ட ஆரம்பிச்சா நிறுத்தியிருக்க மாட்டேன், ஏன்னு கேப்பாங்களே."

தையல் இயந்திரத்தின் சத்தம் டக்கென்று நின்றது. வருஷக்கணக்கில் வாழ்ந்த வீட்டில் புதிதாக ஒரு ஆண் குரல் கேட்டால் எந்தப் பெண்தான் மிதித்துக்கொண்டிருப்பாள்?

"அந்த சுவிட்ச்..." என்றார் அப்பா. நிறுத்தினார். "அது நல்லாத்தான் வேலை செஞ்சுது. நீ ஜெயிச்சதைப் பக்கத்து வீட்டுப் பையன் முன்னாடியே வந்து சொல்லிட்டான். நீ வரும்போது என்ன சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சு. கண்ணு கலங்கினா நீ பார்த்துடுவேன்னு சுவர்ப் பக்கம் திரும்பி நின்னேன். சும்மா நிக்க முடியுமா? அதான் கழட்டினேன். திரும்ப மாட்டத் தெரியாம இல்ல. கை நடுங்கிச்சு."

"வீடு கட்டின நாள்லேர்ந்து நல்லா வேலை செஞ்ச சுவிட்ச்சு!" என்று அம்மாவின் குரல் ஹாலிலிருந்து வந்தது. ஆனால் அதில் கோபம் இல்லை, மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சைரன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. லிஃப்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டும், இருட்டில் மாட்டிய அந்த அம்மாளை என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று கேட்க வேண்டும். நேற்று போனில் பேசியது யார் என்று அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா, அதைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இப்பவாவது பேசுறாரா?" என்றார்.

ஊரையே எழுப்பும் அந்தக் குரலைத் தேடிப் பார்த்தாள் சைரன். அது எங்கே போயிற்றோ, தொண்டையில் இல்லை.

"ம்" என்றாள்.